22 டன் காயில் ஏன் நகர்ந்தது?

கேள்வி: சங்ககிரியில் இரண்டு 40 அடி பிளாட்பெட் (பக்கச்சுவர் இல்லாத தட்டைத் தள) டிரெய்லர் வைத்து ஓட்டுகிறேன். பெல்லாரிப் பக்கமிருந்து கோவைக்கு ஸ்டீல் காயில்தான் (இரும்புத் தகட்டுச் சுருள்) அதிகம். போன மாதம் தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றதில் எங்கள் டிரைவர் பிரேக் அடிக்க வேண்டியதாகிவிட்டது. 22 டன் காயில் ஒரு சாண் முன்னால் நகர்ந்திருக்கிறது. காயிலின் கண் (நடுத்துளை) முன்பின்னாக இருக்கும்படி கட்டைமேல் வைத்து, இரண்டு பக்கமும் ஆப்பு கொடுத்து, மேலே மூன்று செயின் போட்டிருந்தோம். இன்னொரு செயின் போட்டால் போதும் என்கிறார் டிரைவர். அந்தக் காலத்தில் லாரி ஓட்டிய என் மாமனார், "இத்தனை வெயிட் தானாக எங்கே போகும், கட்டையில் எண்ணெய் இருந்திருக்கும்" என்கிறார். கடைக்காரர் 5 டன் பெல்ட் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த மாதம் 20 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதை எப்படிக் கட்டுவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

காயில் ஒரு சாணோடு நின்றது உங்கள் டிரைவரின் நல்ல நேரம். சரக்கு சேதம் பார்க்கிற சர்வேயர் என்பதால் இப்படி நகர்ந்த சரக்குகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பாதி வண்டிகளில் செயின் அறுந்திருக்காது. எல்லாச் செயினும் முழுசாக இருக்கும், சரக்கு மட்டும் இடம் மாறியிருக்கும். உங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது.

முதலில் உங்கள் மாமனார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான லாரிக்காரர்கள் மனதில் இருப்பது அதுதான். வெயிட் அதிகமானால் உராய்வும் அதிகமாகும் என்பது உண்மை. ஆனால் பிரேக் அடிக்கும்போது சரக்கை முன்னால் தள்ளுகிற விசையும் அதே அளவுக்குக் கூடும். 2 டன் பெட்டியானாலும் 22 டன் காயிலானாலும் நகருமா நகராதா என்பதை எடை முடிவு செய்வதில்லை. அடியில் எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. கட்டையில் எண்ணெய் இருந்திருந்தால் அது நிலைமையை மோசமாக்கியிருக்கும், அவ்வளவுதான். எண்ணெயே இல்லாவிட்டாலும் அந்தக் காயில் நகர்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பிய தரக் கணக்கில், முழு பிரேக் அடிக்கும்போது சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை முன்பக்கம் தள்ளும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கு. நானும் இதையே பயன்படுத்துகிறேன். உங்கள் 22 டன் காயிலுக்கு முன்பக்க விசை 17.6 டன். மரக்கட்டைமேல் இரும்பு உட்கார்ந்திருந்தால் உராய்வு எடையில் சுமார் 0.3 பங்கு, அதாவது 6.6 டன். மிச்சம் 11 டன் விசையை யாராவது தாங்க வேண்டும். கட்டையே இல்லாமல் இரும்புத் தளத்தில் நேராக வைத்திருந்தால் உராய்வு 0.2-ஐத் தாண்டுவதே சிரமம். மழை, கிரீஸ், மணல் இருந்தால் அதற்கும் கீழே.

தொப்பூர் இறக்கத்தைத் திட்டுகிறோம், ஆனால் சரிவு மட்டும் இதில் சேர்ப்பது கொஞ்சம்தான். சரக்கைத் தள்ளுவது பிரேக். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்து, கடைசி நிமிடத்தில் முழு பிரேக் அடிக்கிற நிலை வருவது அப்படித்தான். உங்கள் டிரைவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 11 டன்னை மேலே போட்ட செயின்கள் தாங்கினவா? அங்கேதான் டிரைவர் சொல்லும் வழி தப்பாகிறது. சரக்கின் மேல் குறுக்காகப் போட்டு இறுக்குகிற கட்டு, சரக்கைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதில்லை. கீழே அமுக்குகிறது. அமுக்குவதால் உராய்வு கொஞ்சம் கூடுகிறது. அது தருகிற உதவி அவ்வளவுதான். சரக்கு நகர ஆரம்பித்தால் செயினும் அதோடு சாய்ந்துவிடும். உங்கள் வண்டியில் அன்றைக்குச் செயினைப் பார்த்தவர்களைக் கேளுங்கள், எல்லாம் முன்னால் சாய்ந்து கிடந்ததாகத்தான் சொல்வார்கள்.

கடைக்காரர் சொன்ன 5 டன் பெல்ட்டையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் 5 டன் என்று எழுதியிருப்பது, சுற்றிவளைத்துக் கட்டும்போது அது தாங்கக்கூடிய அளவு. நேராக ஒரு முனையில் இழுத்தால் 2.5 டன்தான். பெல்ட்டை இறுக்குகிற ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் உண்டாகிற இழுவிசையோ சுமார் 300 கிலோதான். 5 டன் பெல்ட்டை இறுக்கினால் 5 டன் அமுக்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் இரண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோ அமுக்கினால் நல்லது, ஓரங்களில் உரசுவதால் அதுவும் குறையும். அந்த 600 கிலோவில் உராய்வாக மாறுவது 0.3 பங்கு, அதாவது 180 கிலோ. 11,000 கிலோவை 180-ஆல் வகுத்தால் 61 பெல்ட் வருகிறது. 61 பெல்ட் போட 40 அடி டிரெய்லரில் இடமும் இல்லை, போட ஆளும் இல்லை. செயினில் நல்ல டைட்டர் (செயினை இறுக்குகிற கருவி) போட்டால் இதைவிடக் கூடுதல் இறுக்கம் கிடைக்கும். ஆனாலும் மேலே இன்னொரு செயின் சேர்ப்பது கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான்.

அப்படியானால் என்ன செய்வது? மேலே கட்டுகளைக் கூட்டாமல், அடியில் உராய்வைக் கூட்டுங்கள். சறுக்கைத் தடுக்கும் ரப்பர் விரிப்பு, அதாவது பழைய டயர் ரப்பரைத் துகளாக்கி அழுத்திச் செய்கிற விரிப்பு, உராய்வை 0.6 வரை கொண்டுபோகும். அதே காயிலுக்கு இப்போது உராய்வே 13.2 டன் தாங்குகிறது. மிச்சம் 4.4 டன்தான். ஒரே ஒரு விரிப்பு மாற்றியதில் 11 டன் 4.4 ஆகிவிட்டது. சரக்குக் கட்டுவதில் இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு பலன் தருகிற பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம்மூரில் விரிப்பு வாங்கச் சொன்னால், "அது எதற்கு, கட்டை இருக்கே" என்பார்கள்.

இதில் ஒரு விஷயம் கவனம். விரிப்பைத் தளத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. கட்டைக்கும் காயிலுக்கும் நடுவிலும் போட வேண்டும். எந்த அடுக்கு அதிகமாக வழுக்குகிறதோ, அந்த அடுக்குதான் சறுக்கும். காயில் ஒரு மூலையில்கூட வெறும் கட்டையையோ இரும்பையோ தொடக் கூடாது. விரிப்பு போடும் முன் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கிவிடச் சொல்லுங்கள். முந்தின லோடின் ஜல்லிப்பொடி மேல் விரித்த ரப்பர், ரப்பராக வேலை செய்யாது. பழைய டியூபை வெட்டிப் போடலாமா என்று கேட்பார்கள். வெறும் கட்டையைவிட அது பரவாயில்லை, ஆனால் 0.6 என்று கணக்கில் எடுக்க முடியாது.

மிச்சமிருக்கும் 4.4 டன்னுக்கு இரண்டு வழி, நான் இரண்டையுமே செய்யச் சொல்வேன். முதலாவது, முன்பக்கம் முட்டுக் கொடுப்பது. டிரெய்லர் தளத்தில் போல்ட் அல்லது பின் போட்டு நிறுத்துகிற இரும்புத் தடுப்பு ஒன்று செய்துகொள்ளுங்கள். அதற்கும் காயிலின் முன் முகத்துக்கும் இடைவெளியே இல்லாமல் கட்டை அடையுங்கள். இடைவெளி இருந்தால் காயில் அந்த தூரம் ஓடிவந்து மோதும். மோதுகிற விசைக்கு எந்தக் கணக்கும் போதாது. கேபினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டை நம்பாதீர்கள். பெரும்பாலான டிரெய்லர்களில் அது தார்ப்பாய் கயிறு கட்டத்தான் லாயக்கு.

இரண்டாவது, பின்னோக்கி இழுத்துப் பிடிக்கிற கட்டு. காயிலின் முன் முகத்தில் இரண்டு கட்டையை நிறுத்தி, அதில் செயின் நழுவாமல் இருக்கக் காடி வெட்டி, செயினை முன்புறமாகச் சுற்றி இரண்டு பக்கமும் பின்னால் கொண்டுபோய் டிரெய்லரில் மாட்டுங்கள். 10 மில்லிமீட்டர் கிரேடு 80 (செயின் இரும்பின் பலத்தைக் காட்டுகிற தர எண்) செயின் கட்டுவதற்கு 6.3 டன் தாங்கும். சாய்வாகப் போவதால் ஒவ்வொரு பக்கத்திலும் பாதிதான், அதாவது சுமார் 3 டன்தான், முன்பின் திசையில் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 6 டன். தேவை 4.4 டன். இது போதும். செயின் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும்: அதே 10 மில்லிமீட்டர் செயினில் தூக்குவதற்கான அளவு 3.15 டன் என்று போட்டிருப்பார்கள். தூக்கும்போது பாதுகாப்பு மிச்சம் இன்னும் அதிகம் வைப்பதால்தான் அந்த வித்தியாசம். இதே செயினைத் தூக்கவும் பயன்படுத்தாதீர்கள். கட்டுகிற செயின் கட்டுவதற்கே இருக்கட்டும். கிரேடு முத்திரை இல்லாத செயினைக் கேட்கும்போதே விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

மேலே போடுகிற செயினை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. காயில் குதிக்காமலும் பக்கவாட்டில் ஆடாமலும் அமுக்கிப் பிடிக்க அவை வேண்டும். ஒன்றை நேராகக் குறுக்கே போட்டு, இரண்டைக் காயிலின் கண் வழியாக விட்டு, ஒன்றை இடமிருந்து வலமும் மற்றதை வலமிருந்து இடமுமாகக் குறுக்குவாட்டில் இழுங்கள். அமெரிக்க விதிகளில் கண் நீளவாக்கில் இருக்கிற காயிலுக்கு ஏறக்குறைய இதே முறைதான். கண்ணின் விளிம்பில் செயின் படுகிற இடத்தில் கட்டாயம் கார்னர் (விளிம்புக் காப்பு) போடுங்கள். இல்லாவிட்டால் காயில் சேதம் என்று கம்பெனியில் கழிப்பார்கள். அது நியாயமான கழிவும்கூட.

ஆப்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கண் நீளவாக்கில் இருக்கும்போது காயில் வளைவுகளில் பக்கவாட்டில் உருளப் பார்க்கும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள காயிலை, தளத்திலிருந்து மூன்றங்குல உயரத்தில் ஆப்பு தொட்டால் பக்கவாட்டு விசைக்கு ஏறக்குறைய போதும், நாலங்குலம் வைத்தால் நிம்மதி. ஆனால் சில யார்டுகளில் கிரேனுக்கு வசதி என்று கண் பக்கவாட்டில் தெரியும்படி குறுக்காக ஏற்றுவார்கள். அப்போது பிரேக் அடித்தால் காயில் கேபினைப் பார்த்து உருளும். அந்த விசையைத் தாங்க ஆப்பு கிட்டத்தட்ட ஏழு அங்குல உயரத்தில் தொட வேண்டும். நாலங்குல ஆப்பை அது ஏறிக் கடந்துவிடும். குறுக்காக வைப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், தொட்டில் மாதிரி வெல்டு செய்த இரும்புத் தாங்கி இல்லாமல் வேண்டாம். எந்த ஆப்பானாலும் இரண்டு பக்க ஆப்பையும் குறுக்கே ஒரு கம்பியாலோ கட்டையாலோ இணைத்துவிட வேண்டும். வெறும் ஆணி அடித்த ஆப்பு விலகிக்கொடுத்துவிடும். உங்கள் காயில் நகர்ந்தபோது ஆப்பும் கூடவே நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கீறிவெட்டிய குறுகலான காயில் வந்தால் இந்தக் கணக்கு மாறும். அகலம் விட்டத்தில் 0.8 பங்குக்குக் குறைவாக இருந்தால், சறுக்காவிட்டாலும் முன்னால் கவிழப் பார்க்கும். அதை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஒரே கட்டாகப் பட்டை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். 6.3 டன் செயினை, ஓரத்தில் ஒரு புள்ளி வெல்டில் நிற்கிற கொக்கியில் மாட்டினால் உங்கள் கட்டின் பலம் அந்த வெல்டின் பலம்தான். இரண்டு டிரெய்லரையும் ஒரு நல்ல பாடி கட்டுகிறவரிடம் விட்டு, செயின் மாட்டுகிற வளையங்களைச் சேசிஸோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சேசிஸில் கண்ட இடத்தில் துளை போடவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள், எங்கே வைக்கலாம் என்று தெரிந்தவர் வேண்டும். அப்புறம், 22 டன்னைக் கேபினுக்கு ஒட்டி வைப்பதும் வேண்டாம், வாலில் வைப்பதும் வேண்டாம். டிரெய்லர் ஆக்ஸிலுக்கு முன்னால், எடை இரண்டு பக்கமும் பகிர்கிற இடத்தில் வைத்து, நீளமான கட்டை போட்டுப் பல குறுக்குச் சட்டங்களில் பாரம் பரவ விடுங்கள். எடைமேடையில் ஆக்ஸில் வாரியாக எடை போட முடிந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டி முடித்தால் வேலை முடியாது. கட்டை அமுங்கும், செயின் இடம் பிடிக்கும், இறுக்கம் குறையும். யார்டை விட்டு வெளியே வந்ததும், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஓரங்கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, அதன்பிறகு 3 மணி நேரம் அல்லது 240 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெல்லாரியிலிருந்து வருகிற வண்டிக்கு நான் இன்னொன்று சேர்ப்பேன்: தருமபுரி தாண்டி, தொப்பூர் இறங்குவதற்கு முன் கட்டாயம் ஒருமுறை. டிரைவருக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். லேட்டானால் திட்டு விழும் என்று பயந்துதான் அவர்கள் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். அந்தப் பயத்தை எடுக்க வேண்டியது முதலாளி.

பெல்ட் வாங்கவே வேண்டாமா? பெயிண்ட் அடித்த மிஷின், பெட்டி, பைப் இதற்கெல்லாம் பெல்ட் நல்லது. லேபிள் கிழிந்துபோன பெல்ட், ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட், முடிச்சுப் போட்ட பெல்ட் மூன்றையும் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். ராட்செட் கைப்பிடியில் பைப் மாட்டி நெம்புவது வேண்டாம். செயினுக்கு நெம்புகோல் டைட்டரைவிடத் திருகி இறுக்குகிற டைட்டர் வாங்குங்கள். நெம்புகோல் சில சமயம் திரும்பி அடிக்கும், தாடை உடைந்தவர்கள் இருக்கிறார்கள்.

கையில் இருக்கிற காசை எதில் முதலில் போடுவது என்றால்: ரப்பர் விரிப்பு, வளையங்களை வலுப்படுத்துவது, கிரேடு 80 செயினும் திருகு டைட்டரும், அப்புறம் முன் தடுப்பு. இந்த வரிசையிலேயே வாங்குங்கள். எல்லாம் ஒரே மாதத்தில் வராவிட்டாலும், விரிப்பு இல்லாமல் அடுத்த காயில் ஏற்றாதீர்கள்.

இனி எக்ஸ்கவேட்டர். அதை உங்கள் பிளாட்பெட்டில் ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். 20 டன் வகை எக்ஸ்கவேட்டரின் அகலம் பெரும்பாலும் 2.8 மீட்டருக்கு மேல் வரும். உங்கள் தளம் 2.5 மீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் டிராக் (சங்கிலிப் பட்டை) வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உயரமும் இடிக்கும்: பிளாட்பெட் தளம் சுமார் ஒன்றரை மீட்டர், மிஷின் சுமார் 3 மீட்டர், நாலரை மீட்டர் ஆகிவிடும். ஊருக்குள் கேபிளும் ரயில்வே சப்வேயும் இருக்கின்றன. அளவை மீறி நீட்டிக்கொண்டு போனால் அதற்கென்று தனியாக 20,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, அது போக டிராக் ஓரத்தில் உரசுகிற பைக்காரருக்கு யார் பதில் சொல்வது?

லோபெட் (தளம் தாழ்ந்த டிரெய்லர்) வண்டி வாடகைக்கு எடுத்து, அகலத்துக்கு ஓடிசி (அளவு மீறிய சரக்கு) அனுமதி வாங்கி ஏற்றுங்கள். கட்டுவது நீங்கள்தான் என்றால்: டிராக்குக்கு அடியில் விரிப்பு போடுங்கள், இரும்பு டிராக் இரும்புத் தளத்தில் வழுக்குவது போல வேறு எதுவும் வழுக்காது. நான்கு மூலைக்கும் தனித்தனிச் செயின், தனித்தனி டைட்டர். ஒரே செயினை இரண்டு மூலைக்கு ஓட்டாதீர்கள். மிஷினின் அடிச்சட்டத்தில் கட்டுவதற்கென்று குறி வைத்த இடத்தில்தான் மாட்ட வேண்டும். ஹைட்ராலிக் ஹோஸ், சிலிண்டர் ராடு பக்கம் செயின் போகவே கூடாது. பக்கெட்டைக் கட்டைமேல் இறக்கி வைத்து, பூமுக்கு (மிஷினின் கைக்கு) தனியாக ஐந்தாவது செயின். மேல்பாகம் சுழலாமல் ஸ்விங் லாக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, லீவரை அசைத்து அழுத்தத்தை விட்ட பிறகே டைட்டரை இறுக்கச் சொல்லுங்கள். ஏற்றி முடித்ததும் டேப்பை எடுத்து உயரத்தை அளந்து, அந்த எண்ணை டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். வாடகை பேசும்போதே லோபெட் செலவைச் சேர்த்துக் கேளுங்கள். "பிளாட்பெட்டில் ஏற்றி வர ஆள் இருக்கிறார்கள்" என்று அவர்கள் சொன்னால், அந்த ஆளுக்கே லோடு போகட்டும்.